ஜானி மான்ஸெல் கைதானது குடித்ததற்கா, பொய் சொன்னதற்கா?

ஒருவர் கேட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் 19 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், கல்யாணம்கூடப் பண்ணலாம். ஆனால் அதே வயதில் குடித்தான் என்பதற்காக ஒரு கல்லூரி ஃபுட்பால் வீரனை ராத்திரி லாக்கப்பில் போட்டு, சட்டையில்லாத படத்தை ஊருக்கே காட்டுவது என்ன நியாயம்? 2012-இல் ஜானி மான்ஸெல் மேல் போட்ட கேஸ் சரியா?"

முதலில் கேள்வியிலேயே ஒரு திருத்தம் இருக்கிறது. மான்ஸெல் மேல் மூன்று குற்றச்சாட்டு போட்டார்கள். மூன்றில் ஒன்றுகூடக் குடித்ததற்காகப் போட்டது இல்லை. பொது இடத்தில் அடிதடி, போலி டிரைவிங் லைசென்ஸ் வைத்திருந்தது, போலீசிடம் அடையாளத்தைப் பொய்யாகச் சொன்னது, அவ்வளவுதான். குடித்திருந்தார் என்பது போலீஸ் எழுதிய விவரத்தில் இருக்கிறது, பத்திரிகைத் தலைப்பில் இருந்தது, எல்லோர் ஞாபகத்திலும் அதுதான் தங்கியிருக்கிறது. குற்றச்சாட்டுப் பட்டியலில் மட்டும் இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் நியாயமா இல்லையா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் காலேஜ் ஸ்டேஷன். கேம்பஸை ஒட்டியே நார்த்கேட் என்று ஒரு பார் தெரு, சாதாரண நாட்களிலேயே ராத்திரியில் திருவிழாக் கூட்டம் இருக்கும். டெக்சாஸில் பார்கள் அதிகபட்சம் இரண்டு மணி வரைதான் ஊற்ற முடியும், அதனால் இரண்டு மணி ஆனதும் எல்லா பாரும் ஒரே நேரத்தில் காலியாகி, குடித்த கூட்டம் மொத்தமும் ஒரே தெருவில் வந்து நிற்கும், சண்டை வருவதென்றால் அந்த நேரத்தில்தான் வரும். 2012 ஜூன் 29 அதிகாலையிலும் அப்படித்தான். போலீஸ் சொன்ன கதைப்படி, மான்ஸெலுடைய நண்பர் ஒருவர் வழியில் போன ஒருவரை இனத்தைச் சொல்லித் திட்ட, அந்த ஆள் கோபமாகத் திரும்ப, சமாதானம் பண்ண நடுவில் போன மான்ஸெல் கடைசியில் அவரோடு கைகலப்பில் இறங்கினார். போலீஸ் வந்து விலக்கியது. அடையாளம் கேட்டபோது வயதைக் கூட்டிக் காட்டும் போலி லைசென்ஸை நீட்டினார் (அமெரிக்காவில் குடிக்க 21 ஆக வேண்டும்). கைது, லாக்கப், அந்தப் பிரபலமான சட்டையில்லாத படம்.

அப்போது அவர் யார் என்பதும் முக்கியம். முந்தைய வருடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தவர், கல்லூரி அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. புதுப் பயிற்சியாளர் கெவின் சம்லின் யாரை குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவராக, இறக்குவது என்று இன்னும் முடிவு செய்யாத நேரம். நவம்பரில் அப்போது முதலிடத்தில் இருந்த அலபாமா அணியை அவர்கள் ஊரிலேயே 29-24 என்று வீழ்த்தியது, டிசம்பரில் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய முதல் ஃபிரெஷ்மன் (முதல் வருட ஆட்டக்காரர்) ஆனது, எல்லாம் அப்புறம் நடந்தவை. ஆகவே "ஸ்டார் என்பதால் போலீஸ் குறிவைத்தது" என்பதும் சரி, "ஸ்டார் என்பதால் விட்டுவிடப் பார்த்தார்கள்" என்பதும் சரி, கைதான அந்த ராத்திரிக்குப் பொருந்தாது. அந்தத் தெருவில் அன்றைக்கு அவர் இன்னொரு 19 வயதுப் பையன்.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். மூன்றில் கனமானது அடையாளம் சம்பந்தப்பட்டதுதான், அதை வெளியில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தின் 38.02 பிரிவு, வாய் திறக்காமல் இருப்பதையும் பொய் சொல்வதையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கைது செய்யாமல் வெறுமனே நிறுத்தி வைத்திருக்கும் கட்டத்தில், அன்றைய சட்டப்படி பெயர் சொல்ல மறுத்தாலே அது இந்தப் பிரிவில் குற்றம் ஆகாது. முறைப்படி கைது செய்த பிறகு மறுத்தால் கிளாஸ் சி, அதாவது 500 டாலர் வரை அபராதம், சிறை கிடையாது. ஆனால் நிறுத்தி வைத்திருக்கும்போதே பெயர், முகவரி, பிறந்த தேதி இவற்றில் எதைப் பொய்யாகச் சொன்னாலும் கிளாஸ் பி. அதற்கு 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். பொய் லைசென்ஸை நீட்டியதால்தான் அவர் கிளாஸ் சி உலகத்திலிருந்து கிளாஸ் பி உலகத்துக்குத் தாவினார். பேசாமல் நின்றிருந்தால் மிஞ்சிப்போனால் சண்டைக்கு ஒரு அபராதச் சீட்டு.

இது நியாயமான சட்டமா? என் அபிப்பிராயத்தில் ஆமாம். பேசாமலிருக்க உரிமை உண்டு, பொய் சொல்ல உரிமை கிடையாது என்ற கோடு தெளிவானது, யாருக்கும் புரியக்கூடியது. தெருவில் இரண்டு பேரை விலக்கிவிடும் போலீஸ்காரருக்கு எதிரில் நிற்பது யார், வாரண்ட் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா, மைனரா என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் தெரிய வேண்டியவை. அதில் பொய் சொல்வதைக் குற்றம் என்று வைத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. கேஸ் முடிந்ததும் இந்த ஒரு குற்றச்சாட்டில்தான். 2013 ஜூலையில், காலேஜ் ஸ்டேஷன் இருக்கும் பிராசோஸ் கவுண்டியின் நீதிமன்றத்தில் அடையாளக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மற்ற இரண்டும் கைவிடப்பட்டன, 2,000 டாலர் அபராதம், லாக்கப்பில் இருந்த நேரமே சிறைத் தண்டனைக்குக் கணக்கு. கையில் ஹைஸ்மன் கோப்பை இருந்த நேரம் அது. "பெரிய ஆள், தள்ளுபடி கிடைத்திருக்கும்" என்று நினைப்பவர்கள் அபராதத் தொகையைப் பாருங்கள், சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சம் அது. இரண்டு குற்றச்சாட்டு கைவிடப்பட்டதைச் சலுகை என்றும் சொல்ல முடியாது. ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதை எடுத்துவிடுவது அமெரிக்க நீதிமன்றங்களில் தினமும் நடக்கும் பேரம்.

அடிதடிக் குற்றச்சாட்டு எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. போலீசின் சொந்தக் கதைப்படியே அவர் முதலில் நடுவில் புகுந்தது விலக்குவதற்காக. வழக்கு விசாரணைக்குப் போயிருந்தால் ஒரு நல்ல வக்கீல் இதை வைத்து ஜூரியிடம் நிறையப் பேசியிருக்க முடியும். ஆனால் தெருவில் இருவர் அடித்துக்கொண்டதைப் பார்த்த போலீஸ்காரர் அங்கேயே நின்று யார் முதலில், யார் சமாதானத்துக்கு என்று தீர்ப்பு எழுத முடியாது, கைது செய்யப் போதுமான காரணம் இருக்கிறதா என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது. இருந்தது. வெறும் அபராதக் குற்றத்துக்கு ஏன் விலங்கு என்று கேட்டால் அதற்கும் டெக்சாஸிலிருந்தே பதில் வந்திருக்கிறது. சீட் பெல்ட் போடாத ஒரு தாயைக் குழந்தைகள் முன்னால் கைது செய்த வழக்கில், 50 டாலர் அபராதத்துக்கு மேல் போகாத குற்றத்துக்கும் போலீஸ் கைது செய்யலாம், அரசியலமைப்புக்கு விரோதம் இல்லை என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. அட்வாட்டர் வழக்கு. எனக்குப் பிடிக்காத தீர்ப்பு, ஆனால் சட்டம் இன்றும் அதுதான்.

சரி, இவ்வளவு குடித்த கதையில் குடிக்கு ஏன் கேஸ் போடவில்லை? போட்டிருக்கலாம். டெக்சாஸில் "பொது இடத்தில் போதையில் இருப்பது" என்று தனிக் குற்றம் இருக்கிறது, 21 வயதுக்குக் கீழே மது வைத்திருப்பது, குடிப்பது எல்லாம் தனிக் குற்றங்கள். எல்லாம் கிளாஸ் சி வகை. கையில் கிளாஸ் பி இருக்கும்போது போலீஸ் அதற்கு மெனக்கெடவில்லை என்பது என் ஊகம். எது எப்படியோ, போடாமல் விட்டதே நல்லது என்பேன், ஏனென்றால் கேள்வியில் இருக்கும் கோபம் உண்மையில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பொதுப் போதைச் சட்டம்தான்.

வண்டி ஓட்டுபவருக்கு ஒரு எண் இருக்கிறது. ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம், யூட்டாவில் மட்டும் 0.05. ஊதச் சொல்கிறார்கள், எண் வருகிறது, நீங்கள் அந்த எண்ணோடு சண்டை போடலாம், கருவியைச் சந்தேகிக்கலாம். தெருவில் நடந்து போகிறவருக்கு அந்த வசதி இல்லை. டெக்சாஸ் சட்டம் கேட்பது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரக்கூடிய அளவுக்குப் போதையா என்பது. "வரக்கூடிய" என்பதை முடிவு செய்வது அந்த நேரத்தில் அங்கே நிற்கும் போலீஸ்காரர். கண் சிவப்பு, வாய் குழறல், நடை தள்ளாட்டம், இவ்வளவுதான் சாட்சியம், அதுவும் அவர் எழுதுவதுதான் சாட்சியம். நடக்கும் தூரத்தில் ஹாஸ்டல் இருக்கும் மாணவன் காரை எடுக்காமல் பொறுப்பாக நடந்து போனால் இந்தச் சட்டத்தில் மாட்டுவான்.

இதை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதற்கு ஒரு உதாரணம், 2005-இல் டெக்சாஸ் மதுக் கட்டுப்பாட்டு ஆணையம் ஆரம்பித்த 'ஆபரேஷன் லாஸ்ட் கால்'. மஃப்டியில் பாருக்குள்ளேயே போய் உட்கார்ந்து, அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பொதுப் போதைக்குக் கைது செய்தார்கள். பார் என்பது பொது இடம், அதனால் சட்டப்படி சரி என்றார்கள். டாலஸ் பக்கத்தில் இர்விங் நகரில் நடந்த ரெய்டு செய்தியானதும் நாடே சிரித்தது, கோபப்பட்டது, 2006 ஏப்ரலில் நிறுத்தி வைத்தார்கள். லைசென்ஸ் கொடுத்து ஊற்றச் சொல்வதும் அரசு, குடித்தவனைப் பிடிப்பதும் அரசு. டாஸ்மாக் பார்த்த நமக்கு இது புதிதாகத் தெரியாது.

இண்டியானாவில் நடந்தது இதைவிட மோசம். ஒரு பெண் குடித்திருந்தார், பொறுப்பாகத் தன் காரை இன்னொருவரை ஓட்டச் சொல்லி பக்கத்தில் உட்கார்ந்து போனார். வண்டியை போலீஸ் நிறுத்தியது. கார் நின்றது பொதுச் சாலை, காருக்குள் போதையில் ஒருவர், ஆகவே குற்றம். 2011-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனையை உறுதி செய்தது, கொள்கை சரியில்லை என்றால் சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும் என்றது. அடுத்த வருடமே சட்டமன்றம் மாற்றியது. இப்போது இண்டியானாவில் வெறும் போதை போதாது, தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து உண்டாக்குவது, அமைதியைக் குலைப்பது, அல்லது அடுத்தவரைத் தொந்தரவு செய்வது, இப்படி ஏதாவது ஒன்று கூட வேண்டும். மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

நார்த்கேட் மாதிரி இடங்களில் பிடிபடும் ஆட்டக்காரர்களுக்காக யாராவது வாதாட வேண்டுமென்றால் இங்கேதான் வாதாட வேண்டும். "பையன் நடந்து போனான், யாரையும் தொடவில்லை, எண்ணும் இல்லை, ஆபத்தும் இல்லை" என்ற கேஸில் நான் ஆட்டக்காரன் பக்கம். மான்ஸெல் கேஸ் அது இல்லை.

இப்போது வயது விவகாரம். 19 வயதில் ஓட்டு, ராணுவம் என்ற வாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் "சண்டைக்கு அனுப்பும் வயதில் ஓட்டு ஏன் இல்லை" என்று எழுந்த குரல்தான் 1971-இல் ஓட்டு வயதை 18 ஆக்கியது. அதே வேகத்தில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. டெக்சாஸ் 1973-இல் 18 ஆக்கியது, 1981-இல் 19, 1986-இல் 21. ஏன் திரும்ப ஏறியது? 18 முதல் 20 வரையுள்ளவர்கள் ஓட்டிய வண்டிகளின் விபத்துகள், குறிப்பாக ஒரு மாநிலத்தில் வாங்க முடியாமல் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு ஓட்டித் திரும்பும் பையன்களின் சாவுகள். 1984-இல் ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம் நேரடியாக "வயது 21" என்று சொல்லவில்லை, 21 வைக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்துவோம் என்றது. 19 வயதுக்காரருக்கு லேசான பீர் விற்க விட்டிருந்த தெற்கு டகோட்டா எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1987-இல் 7-2 என்று தோற்றது. ரோடு பணத்தை இழக்க யாருக்கும் மனமில்லை. இன்று எல்லா மாநிலமும் 21.

இந்த வயதால் சாலைச் சாவு குறைந்தது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அதன் இன்னொரு விளைவு, அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் போலி லைசென்ஸ் ஒரு சாதாரணப் பொருள் ஆனது. கேம்பஸில் நிறையப் பேர் 21 ஆகாதவர்கள், சுற்றிலும் பார். மான்ஸெல் பாக்கெட்டில் இருந்த அந்த அட்டை அவர் கெட்டிக்காரத்தனமாகச் செய்த மோசடி இல்லை, அந்த வயதுப் பையன்கள் நிறையப் பேர் பாக்கெட்டில் இருப்பது. அதனால் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டைக் கைவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. பார் வாசலில் நிற்கும் பவுன்சரிடம் காட்டுவது ஒன்று, அதே அட்டையைப் போலீசிடம் காட்டுவது வேறு. (சட்டத்தின் விநோதம் ஒன்று: அதே டெக்சாஸில் அப்பா அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் 19 வயது மகன் தாராளமாக பீர் குடிக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது.)

ஆட்டக்காரன் என்பதால் கூடுதலாக என்ன நடந்தது என்று பார்த்தால், அநியாயம் என்று நான் சொல்லக்கூடியது கோர்ட்டில் நடக்கவில்லை. டெக்சாஸில் கைதானவர் படம் பொதுவாகப் பொதுப் பதிவு, யார் கேட்டாலும் கொடுப்பார்கள். கிளாஸ் சி கேஸில் மாட்டும் சாதாரண மாணவன் வழக்கை ஒத்திவைக்கக் கேட்டு, மது விழிப்புணர்வு வகுப்புக்குப் போய், கேஸ் தள்ளுபடியானதும் பதிவையே அழிக்கச் சொல்லி மனுப் போடலாம். ஆட்டக்காரனுக்கும் அதே சட்டம்தான், ஆனால் ஆயிரம் தளங்களில் ஏறிவிட்ட படத்தை எந்த நீதிபதியும் அழிக்க முடியாது. அதோடு அணி விதிகள் வேறு. குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்பது கோர்ட்டுக்கு மட்டும், அணி கைது செய்தி வந்த அன்றே "காலவரையற்ற இடைநீக்கம்" என்று அறிவிக்கலாம். நல்ல ஆட்டக்காரன் இரண்டு வாரத்தில் திரும்பி வருவான், நான்காம் வரிசை ஆட்டக்காரன் ஸ்காலர்ஷிப்பை இழப்பான். ஸ்டாருக்குச் சலுகை என்று பேசுபவர்கள் போலீஸ் ஸ்டேஷனைப் பார்க்காமல் பயிற்சியாளர் அறையைப் பார்த்தால் கொஞ்சம் உண்மை தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மான்ஸெல் பிற்காலத்தில் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-லில் சறுக்கினார், 2016-இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அவரை விடுவித்தது, குடிப் பழக்கம் பற்றியும் மனநலம் பற்றியும் அவரே வெளிப்படையாகப் பேசினார். அதை வைத்து "2012-லேயே தெரிந்தது பார்" என்று எழுதுபவர்கள் நிறைய. பின்னால் நடந்ததைக் கொண்டு முன்னால் போட்ட கேஸ் சரியா என்று அளக்க முடியாது. அன்றைக்குத் தெருவில் இருந்த தகவலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங் பிடித்தவர் விஷயத்தில் என்னிடம் இந்த இரக்கமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். 21 வயதுக்குக் கீழே ஓட்டுபவர்களுக்கு 0.08 கிடையாது, நாடு முழுக்க 0.02-ஐ எட்டவே கூடாது, டெக்சாஸில் கண்டுபிடிக்கக்கூடிய எந்த அளவும் குற்றம். "ஒரே ஒரு பீர், அதுக்குப் போய்க் கைதா" என்று ஆட்டக்காரனுக்காக வாதாடுபவர்கள் 2023 ஜனவரி 15 அதிகாலையில் ஜார்ஜியாவின் ஏதென்ஸில் நடந்ததைப் படிக்க வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி தேசிய சாம்பியன் பட்டத்தைக் கொண்டாடிய சில மணி நேரத்தில், அணி ஊழியர் ஓட்டிய கார், பந்தயம் போல இன்னொரு காரோடு போட்டி போட்டு மணிக்கு 104 மைல் வேகத்தில் போய், சாலையை விட்டு விலகி மோதியது. வீரர் டெவின் வில்லக்கும் ஓட்டிய பெண் ஊழியரும் இறந்தார்கள். ஓட்டியவர் ரத்தத்தில் 0.197 இருந்தது. அதற்கப்புறம் சட்டம் கடுமையாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கேள்வி கேட்டவர் டெக்சாஸுக்கு எம்.எஸ். படிக்கப் போகப்போவதாகவும் எழுதியிருந்தார், அதனால் இது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை ஆகாவிட்டாலும், தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். 2015-இல் இருந்து இது நடைமுறை. நாட்டுக்குள் இருக்கும் வரை படிப்பு தொடரலாம் என்பதுதான் 2025 வரை பொதுவான நிலை, இப்போது அதையும் உறுதியாக நம்ப முடியாது, ஊருக்கு வந்தாலோ புது விசா இல்லாமல் திரும்ப முடியாது, அந்த நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். போலி லைசென்ஸ் பக்கமே போக வேண்டாம். போலீஸ் நிறுத்தினால் உண்மையான பெயர், உண்மையான பிறந்த தேதி, அதற்கு மேல் எங்கே குடித்தாய், எவ்வளவு குடித்தாய் என்று கேட்டால் வக்கீல் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். நண்பன் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கிவிட்டால் பயந்துகொண்டு அறையில் படுக்க வைக்காமல் 911-ஐக் கூப்பிடுங்கள். 21 வயதுக்குக் கீழே இருப்பவர் முதலில் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை கூடவே இருந்து ஒத்துழைத்தால், அவர் குடித்ததற்காகக் கேஸ் போடக் கூடாது என்று 2011-இலேயே டெக்சாஸில் சட்டம் போட்டுவிட்டார்கள். நார்த்கேட்டில் அறை எடுத்துத் தங்கும் நம் பையன்களிலேயே பலருக்கு இது தெரியாது.